பச்சை குத்திய உடம்போடு ஜப்பானில்

ஜப்பானில் பச்சை குத்திக்கொள்வதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி உங்கள் கையைப் பார்த்து ஒன்றும் கேட்கப்போவதில்லை. ரயிலில், கடைத்தெருவில், ராமென் கடையில், கோயில் வாசலில் முழங்கை வரை டாட்டூ தெரிய நின்றாலும் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார்கள். ரயிலில் உங்கள் பக்கத்து இருக்கை கொஞ்ச நேரம் காலியாகக் கிடக்கலாம். அதற்கு டாட்டூவைக் குறை சொல்ல வேண்டாம். வெளிநாட்டவர் பலருக்கும் அங்கே அது நடக்கிறதுதான்.

சிக்கல் ஆடையைக் களையும் இடத்தில் தொடங்குகிறது. வெந்நீர் ஊற்றுக் குளியலான ஒன்சென், அதை நம்பியே நடக்கும் ரியோகான் என்ற மரபு விடுதிகள், நகரங்களில் உள்ள சூப்பர் செந்தோ என்ற பெரிய குளியல் வளாகங்கள், பொதுக் குளியலறை வைத்த கேப்சூல் விடுதிகள், நீச்சல் குளம், ஜிம், சில கடற்கரைகள். இடங்கள் இவ்வளவுதான். ஆனால் ஜப்பான் போய் ஒன்சென்னில் இறங்காமல் திரும்புவது, குற்றாலம் போய் அருவியில் தலை நனைக்காமல் வருவது மாதிரி. அதனால்தான் இதற்கென்று ஓர் அத்தியாயம்.

2015இல் ஜப்பானின் சுற்றுலா முகமை நாடெங்கும் சுமார் 3,800 விடுதிகளிடம் இதைப் பற்றிக் கேட்டது. பதில் அனுப்பியவை ஏறக்குறைய அறுநூறு. அவற்றில் 56 சதவீதம் டாட்டூ உள்ளவர்களைக் குளியலில் அனுமதிப்பதில்லை என்றன. 31 சதவீதம் தடையில்லை என்றன. மீதி 13 சதவீதம், மறைத்துக்கொண்டால் வரலாம் என்றன. இந்தக் கணக்கைப் பார்த்துப் பாதிப்பேர் பயந்துபோய்க் குளியலையே பயணத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கணக்கைத் திருப்பிப் படியுங்கள்: ஏறக்குறைய பத்தில் நான்கு கதவுகள் திறந்தோ, பாதி திறந்தோ இருக்கின்றன. மறுநாளே குளித்தாக வேண்டும் என்று கடைசி நேரத்தில் தேடுகிறவருக்குத்தான் அது போதாது.

இதற்குப் பிறகு, 2016இல், அதே முகமை விடுதிகளுக்கு யோசனைகளை அனுப்பியது: ஸ்டிக்கர் கொடுத்து மறைக்கச் சொல்லலாம், டாட்டூ உள்ளவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம், தனிக் குளியலறைக்கு அனுப்பலாம். இவை யோசனைகள்தான், உத்தரவு அல்ல. கடைசி முடிவு அந்தந்த விடுதிக்காரருடையது. 'அரசாங்கமே அனுமதிக்கச் சொல்லியிருக்கிறதே' என்று முன்மேசையில் வாதாடினால் ஒரு பலனும் கிடைக்காது.

ஏன் இந்தத் தயக்கம்

'யாகுஸா பயம்', அதாவது குற்றக் கும்பல்கள் பற்றிய பயம், என்ற ஒற்றை வரியில் பெரும்பாலான பயணக் குறிப்புகள் இதை முடித்துவிடுகின்றன. பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி தெரிந்தால், முன்மேசைப் பெண் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உங்களை மறுக்கும்போது கோபம் கொஞ்சம் குறையும்.

தோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தில், 1720 வாக்கில், ராணுவ ஆட்சியாளரான ஷோகன் யோஷிமுனேயின் கீழ் மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகப் பச்சை குத்தும் தண்டனை வந்தது. திருடியவனின் கையில் பட்டையாகக் கோடுகள் போடுவார்கள். சில பகுதிகளில் நெற்றியிலேயே குத்தினார்கள். கோட்டின் வடிவத்தைப் பார்த்தே எந்த ஊரில் தண்டனை பெற்றவன் என்று சொல்லிவிடலாம். 1870இல் இந்தத் தண்டனை ஒழிந்தது.

விசித்திரம் என்னவென்றால், தண்டனை நடப்பில் இருந்த அதே காலத்தில்தான் அலங்காரப் பச்சையும் உச்சத்துக்குப் போனது. ஓவியர் உதாகாவா குனியோஷி 1827 முதல் சீனத்து வீரர் கதையொன்றின் நாயகர்களை உடம்பெங்கும் சித்திரங்களோடு மர அச்சுப் படங்களாக வெளியிட்டார். எதோ நகரமே அதில் மயங்கியது. தீயணைப்பு வீரர்கள், தச்சர்கள், பல்லக்குத் தூக்கிகள், ஓட்டத் தபால்காரர்கள் என்று சட்டையைக் கழற்றி உழைக்கிறவர்கள் எல்லாம் முதுகில் டிராகனும் கெண்டை மீனும் வரைந்துகொண்டார்கள். தண்டனைக் கோட்டை மறைக்க அதன்மேல் படம் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

பிறகு ஷோகன் ஆட்சி போய் மெய்ஜி அரசு வந்தது. மேற்கத்தியர் ஜப்பானியரைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கவலையில் 1872இல் பச்சை குத்துவதைத் தடை செய்தது. அந்த மேற்கத்தியரோ கலைஞர்களைத் தேடிவந்து குத்திக்கொண்டார்கள். பின்னாளில் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1881இல் ஜப்பானில் கையில் டிராகன் போட்டுக்கொண்டார். கடைசி ரஷ்யப் பேரரசரான இரண்டாம் நிக்கோலஸ், பட்டத்து இளவரசராக இருந்த 1891இல், நாகசாகியில் குத்திக்கொண்டார். தன் குடிமக்களுக்குத் தடை, விருந்தாளிக்கு வரவேற்பு!  தடை நீங்கியது 1948இல், நேச நாடுகளின் ஆக்கிரமிப்புக் காலத்தில்.

அந்த முக்கால் நூற்றாண்டில் இந்தக் கலை மறைவிடத்துக்குப் போய்விட்டது. மறைவில் வாழ்கிறவர்களோடு ஒட்டிக்கொண்டது. 1960களில் யாகுஸா படங்கள் வரிசையாக ஓடின. நாயகன் கிமோனோவை உதறிவிட்டு முதுகைக் காட்டும் காட்சிக்குக் கொட்டகையில் கைதட்டல். 1963இல் யாகுஸா கூட்டங்களில் சுமார் 1,84,000 பேர் இருந்ததாகக் காவல்துறைக் கணக்கு. 1992இல் வன்முறைக் கும்பல் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், அவர்களை உள்ளே விடாதே என்று கடைகளுக்கும் குளியலகங்களுக்கும் நெருக்கடி. 'ஐயா, நீங்கள் யாகுஸாவா?' என்று வாசலில் எவரிடம் கேட்க முடியும்? 'பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டினால் யாரையும் குற்றம் சாட்டாமல் காரியம் முடிந்துவிடும். இன்று கும்பல்காரர்கள் இருபதாயிரத்துக்கு அருகில் வந்துவிட்டார்கள். பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் அடியில் இப்போது நிற்பவர் ஆஸ்திரேலிய மாணவரோ கோயம்புத்தூர் மென்பொருள் பொறியாளரோ.

இந்த வெறுப்பு ஒருபடித்தானது என்றும் எண்ண வேண்டாம். 'தோயாமா நோ கின்-சான்' என்ற சரித்திரத் தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் பல்லாண்டுகள் ஓடியது. அதில் நீதிபதிதான் கதாநாயகன். குற்றவாளி பொய் சொல்லிச் சாதிக்கும்போது அவர் தோளிலிருந்து அங்கியை இறக்குவார், செர்ரிப் பூக்கள் பச்சை தெரியும், குற்றவாளி ஆடிப்போவான். அந்தத் தோளைப் பார்த்துக் குதூகலித்த அதே தாத்தா, மறுநாள் குளியலில் உங்கள் தோளைக் கண்டால் முகம் சுளிக்கலாம். மே மாதம் தோக்கியோவின் அசாகுசாவில் நடக்கும் சான்ஜா திருவிழாவுக்குப் போனீர்களென்றால், முழு முதுகுச் சித்திரத்தோடு பல்லக்குத் தூக்குகிறவர்களை ஊரே நின்று வேடிக்கை பார்ப்பதைக் காணலாம்.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் ஒன்று. ஜப்பானிய மரபுப் பச்சையை உற்றுப் பார்த்தால் அது மணிக்கட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும். கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிடும். மார்பின் நடுவில் ஒரு பட்டை வெறுமையாக விடப்பட்டிருக்கும். கிமோனோவின் முன்பக்கம் லேசாகத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. முழு உடம்பையும் ஆண்டுக்கணக்கில் வலி தாங்கி வரைந்துகொண்டவரே அதை ஆடைக்குள் வைத்திருக்கத்தான் திட்டமிடுகிறார். அறிமுகமில்லாதவர் முன்னால் அதைக் கடை விரிப்பதுதான் அங்கே மிரட்டல். ஆகவே, மறைத்துக்கொள்ளச் சொல்லும்போது உங்களை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மரபுக்குள் இருக்கிறவர்களும் செய்வதையே உங்களையும் செய்யச் சொல்கிறார்கள்.

இதில் நியாயமே இல்லாத பக்கமும் உண்டு. ஹொக்காய்தோவின் ஐனு பழங்குடிப் பெண்கள் உதட்டைச் சுற்றியும், ஒகினாவாப் பெண்கள் கைகளிலும் பச்சை குத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. முன்னதை 1871இலும் பின்னதை 1899இலும் அரசு தடை செய்தது. அவற்றுக்கும் குற்றக் கும்பலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. 2013இல், முகத்தில் தன் இனத்தின் மரபுப் பச்சை கொண்ட நியூசிலாந்து மாவோரிப் பெண் ஒருவரை ஹொக்காய்தோவில் ஒரு குளியலகம் திருப்பி அனுப்பியது. அவர் வந்திருந்தது பழங்குடி மொழிகள் பற்றிய கூட்டத்துக்கு. ஜப்பானியச் செய்தித்தாள்களிலேயே அது பெரிய விவாதமானது. பலகையை மாட்டியவர்கள் எண்ணிப் பார்க்காத உடம்புகளும் உலகில் இருக்கின்றன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

நம்மூர்ப் பச்சையும் மருதாணியும்

அம்மாவின் முன்கையில் கோலப் புள்ளிகள், அப்பாவின் கையில் முருகன் பெயர், தம்பியின் மார்பில் கட்சிக் கொடியோ நடிகர் முகமோ. நம்மிடம் இவை சாதாரணம். ஜப்பானிய முன்மேசைக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. விதியில் பெரும்பாலும் 'எந்த அளவாக இருந்தாலும்' என்றுதான் இருக்கும். பக்திக்காகக் குத்தியது என்று விளக்கி விலக்குக் கேட்பதைவிட, கையளவுப் பச்சை என்றால் ஒரு ஸ்டிக்கரோடு முடித்துக்கொள்வது சுலபம். சுவஸ்திகம் குத்தியவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு: ஜப்பானிய வரைபடங்களில் பௌத்தக் கோயிலுக்கு அடையாளமே சுவஸ்திகம்தான். உள்ளூர்க்காரர் அதைத் தவறாக நினைக்கமாட்டார். பக்கத்தில் குளிக்கும் ஜெர்மன்காரர் நினைக்கலாம்.

நம்மவர்கள் பலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது மருதாணியில்தான். கல்யாணம் முடிந்த கையோடு தேனிலவுக்கு ஜப்பான் போகிறார்கள். பெண்ணின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை மெஹந்தி, கால்களிலும். பல குளியலகங்களின் பலகையில் 'டாட்டூ ஸ்டிக்கர், உடல் ஓவியம் உட்பட' என்று சேர்த்தே எழுதியிருக்கும். தானாக அழிந்துபோகும் என்று சொன்னாலும் விதி விதிதான். மருதாணி மங்க இரண்டு வாரம் ஆகும். எனவே பயணத்தின் கடைசிப் பகுதியில் ஒன்சென் ஊரை வையுங்கள். இல்லையென்றால் முதலிலிருந்தே தனிக் குளியல் உள்ள அறையாகப் பதிவு செய்துவிடுங்கள். தேனிலவுக்கு அதுதான் பொருத்தமும்கூட. குழந்தைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் கார்ட்டூன் ஸ்டிக்கர்களையும் குளியலுக்கு முன் எண்ணெய் தடவித் துடைத்து எடுத்துவிடுங்கள்.

பதிவு செய்வதற்கு முன்

ஒன்சென்னில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக, ஆடையே இல்லாமல்தான் இறங்க வேண்டும். நீச்சலுடையோ கை மூடும் உறையோ அணிய முடியாது. கையில் கொடுக்கும் சின்னத் துண்டையும் தண்ணீருக்குள் விடக்கூடாது. ஆகவே யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நம்பி உள்ளே நுழைவது நடக்காத காரியம். கூட்டமில்லாத அதிகாலையில் போனாலும் விதி மாறாது. உள்ளே போனபின் இன்னொரு விருந்தாளி புகார் சொன்னால், ஊழியர் வந்து உங்கள் காதோரம் மெல்லச் சொல்வார். நீங்கள் ஈரத்தோடு எழுந்து வெளியே வர வேண்டும். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க இருப்பது ஒரே வழி, முன்கூட்டியே கேட்பது.

விடுதியின் இணையதளத்திலோ பதிவு செய்யும் செயலியிலோ விதி எழுதியிருக்கலாம். அதை நம்பி மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பழைய பயணிகள் எழுதிய கருத்துகளை நம்பவே வேண்டாம்: 'நான் போனேன், ஒன்றும் சொல்லவில்லை' என்பது அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை என்பதற்குத்தான் சான்று. விடுதிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை பச்சை, உடம்பில் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி ஒரு படத்தையும் இணையுங்கள். மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்: இப்படியே பொதுக் குளியலில் இறங்கலாமா? ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் இறங்கலாமா? இரண்டும் இல்லையென்றால் தனிக் குளியல் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு? சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழிக்கு மாற்றி, ஆங்கிலத்தையும் கீழே சேர்த்துவிடுங்கள். வந்த பதிலைக் கைப்பேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் நாளில் முன்மேசையில் வேறொருவர் இருப்பார். அவரிடம் காட்ட அந்தப் படம் உதவும்.

இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது ஜப்பானியருக்குக் கஷ்டமான காரியம். மூன்றாவது கேள்வி அவர்களுக்கு 'ஆமாம்' சொல்ல ஒரு வழி கொடுக்கிறது. முதலிரண்டுக்கும் தயங்கிய விடுதிகள், தனிக் குளியலை மகிழ்ச்சியோடு ஏற்பாடு செய்து தருவது உண்டு.

நேரில் கேட்க வேண்டி வந்தால் இரண்டு வாக்கியங்கள் போதும். 'தாத்தூ வா தைஜோபு தெசு கா?' என்றால் டாட்டூ இருந்தால் பரவாயில்லையா என்று அர்த்தம். 'ஷீரு ஓ ஹரேபா தைஜோபு தெசு கா?' என்றால் ஸ்டிக்கர் ஒட்டினால் சரியா என்று அர்த்தம். 'தைஜோபு' என்று திரும்பி வந்தால் போகலாம். 'ஓகொதொவாரி' என்ற சொல் காதில் விழுந்தாலோ, அவர் இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டினாலோ இல்லை என்று பொருள். 'சுமிமாசென்' (மன்னிக்கவும்) என்று சொல்லித் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒருநாள் குளியலகங்களில் இயந்திரத்தில் சீட்டு எடுத்துவிட்டுத்தான் முன்மேசைக்குப் போகும் வழக்கம் உண்டு. சீட்டு எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டுவது

இன்று பரவலாக ஏற்கப்படும் சமரசம் இதுதான். ஹோஷினோ ரிசார்ட்ஸ் நிறுவனம் தன் 'காய்' ரியோகான்களில் 2015 இறுதியில் இதைச் சோதனையாகத் தொடங்கியது. 8 க்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு ஸ்டிக்கருக்குள் பச்சை அடங்கினால் குளிக்கலாம். அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடங்களிலும் விதி ஏறக்குறைய இதே போக்கில்தான் இருக்கும். ஓரிரண்டு ஸ்டிக்கர் வரை சரி, முழுக்கைச் சித்திரத்துக்குப் பத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஜப்பானிய மருந்துக் கடைகளில் டாட்டூ மறைக்கும் ஸ்டிக்கர் கிடைக்கும். நமக்கு அதில் ஒரு தொந்தரவு. 'தோல் நிறம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் அவர்கள் தோலின் நிறம். நம் கையில் ஒட்டினால் வெளுப்பாகப் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் தெரியட்டும். பச்சையே இல்லாதது போல நடிப்பதற்கு யாரும் உங்களைக் கேட்கவில்லை. படம் கண்ணில் படாமல் இருந்தால் போதும். உங்களுக்கு அது உறுத்தினால், ஊரிலிருந்தே மெடிக்கல் ஷாப்பில் பழுப்பு நிறத்தில் பெரிய நீர்புகாப் பிளாஸ்டர் வாங்கிப் போய்விடுங்கள். காயம் என்று நினைத்துக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். திறந்த காயத்தோடு இறங்குவதும் அங்கே கூடாது.

ஒட்டும் முறையில் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவிய தோலில் எதுவும் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, உங்கள் அறையிலேயே ஒட்டிக்கொண்டு போங்கள். உடை மாற்றும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பச்சையின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலமாவது கூடுதலாக மூட வேண்டும். ஒன்சென் நீர் பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். பதினைந்து நிமிடத்தில் ஓரம் பிரியத் தொடங்கும். அப்போது எழுந்துவிடுங்கள். பிய்ந்த துண்டு தொட்டியில் மிதப்பதைப் போல அந்த விடுதிக்காரரை வருத்தும் விஷயம் வேறில்லை.

பெரிய சித்திரம் உள்ளவர்கள் நேரடியாகத் தனிக் குளியலுக்குப் போய்விடுங்கள். 'கஷிகிரி' என்று கேட்டால் புரியும். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ குடும்பத்துக்கு மட்டும் பூட்டிக் கொடுப்பார்கள். பல இடங்களில் 2,000 முதல் 4,000 யென் வரை ஆகும். தங்குகிறவர்களுக்கு இலவசமாகத் தரும் விடுதிகளும் உண்டு. அந்நியர் முன் ஆடையின்றி நிற்கவே கூச்சப்படும் நம்மவர்கள் பலருக்குப் பச்சை இல்லாவிட்டாலும் இதுதான் நிம்மதி. தோக்கியோவிலிருந்து ஒருநாளில் போய்வரக்கூடிய ஹகோனேயில் இப்படிப்பட்ட விடுதிகள் நிறைய. விதி விடுதிக்கு விடுதி மாறுவதும் அங்கே நிறைய.

கதவு திறந்திருக்கும் ஊர்கள்

எந்தக் கேள்வியும் இல்லாமல் நிம்மதியாகக் குளிக்க வேண்டுமென்றால் கினோசாகிக்குப் போங்கள். கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். ஹ்யோகோ மாகாணத்தில், வில்லோ மரங்கள் கவிந்த கால்வாய்க் கரையில் ஏழு பொதுக் குளியலகங்கள். ஏழிலும் டாட்டூவுக்குத் தடையில்லை. ரியோகானில் தங்கினால் அன்றைய குளியல்களுக்கான அனுமதிச் சீட்டு அவர்களே தருவார்கள். யுகாதா என்ற மெல்லிய அங்கி அணிந்து, மரச் செருப்பு டக்டக்கென ஒலிக்க, ஒரு குளியலகத்திலிருந்து அடுத்ததற்கு நடப்பதுதான் அந்த ஊரின் மாலைப்பொழுது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஊர்ப் பொதுக் குளியலகத்தின் விதி வேறு, நீங்கள் தங்கும் ரியோகானுக்குள் இருக்கும் குளியலின் விதி வேறு. பின்னதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்சுயாமாவில் 1894இல் கட்டிய தோகோ ஒன்சென் மாளிகையும் டாட்டூ உள்ளவர்களை ஏற்கிறது. கியூஷு தீவின் பெப்பு நகரில் 1938இல் எழுந்த மரக் கட்டடமான தகேகவாரா குளியலகத்துக்கும் போகலாம். ஜப்பானில் நடந்த 2019 ரக்பி உலகக் கோப்பைக்கு முன்னால், உடம்பெங்கும் மரபுப் பச்சை கொண்ட பசிபிக் தீவு வீரர்களும் ரசிகர்களும் வருவார்களே என்று யோசித்து, டாட்டூவை அனுமதிக்கும் நூறு குளியலகங்களின் பட்டியலையே அந்த ஊர் தயாரித்தது. உலக ரக்பி அமைப்பு தன் பங்குக்கு, பொதுக் குளத்திலும் ஜிம்மிலும் பச்சையை மூடிக்கொள்ளுங்கள் என்று வீரர்களுக்கு அறிவுறுத்தியது. சமோவா அணியினர் மறுப்பில்லாமல் கைநீளச் சட்டை அணிந்துகொண்டார்கள்.

பலர் மறந்துவிடுவது தெருமுனைச் செந்தோவை. வீடுகளில் குளியலறை இல்லாத காலத்தில் ஊரே குளித்த இடம் அது. பச்சை குத்திய தச்சரும் அங்கேதான் குளித்தார். அதனால் பல செந்தோக்களில் இன்றும் பச்சைக்குத் தடை இல்லை. கியோத்தோவின் ஃபுனாவோகா ஒன்சென், பெயரில் ஒன்சென் என்று இருந்தாலும் செந்தோ வகைதான். 1923ஆம் ஆண்டுக் கட்டடம், செதுக்கிய மரக்கூரை, டாட்டூ பிரச்சினை இல்லை. தோக்கியோவில் செந்தோக் கட்டணம் 2024இல் 550 யென் ஆனது. சோப்பும் துண்டும் கையில் எடுத்துப் போங்கள். பெயரில் 'சூப்பர்' சேர்ந்துவிட்டால் கதை வேறு. கண்டிப்பு மிக அதிகமாக இருப்பது அங்கேதான்.

கடற்கரை, குளம், ஜிம்

கடற்கரையில் சட்டமும் குறுக்கிடலாம். தோக்கியோவுக்குத் தெற்கே ஸுஷி நகரம் 2014இல் கொண்டுவந்த விதிப்படி, அந்தக் கடற்கரையில் பச்சையை வெளியே காட்டக்கூடாது. கோபே நகரின் சுமா கடற்கரையிலும் கட்டுப்பாடு உண்டு. கைநீள நீச்சல் சட்டை ஒன்று போதும். குளங்களிலும் பெரும்பாலும் அதே தீர்வுதான். நீர் விளையாட்டுப் பூங்காக்களில் சில, மூடிக்கொண்டு வந்தாலும் அனுமதிப்பதில்லை. அவற்றின் விதியைப் படித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

வேலைக்காகப் போய்த் தோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் வீடெடுத்துத் தங்கும் நம்மவர்களுக்கு ஒரு வரி: ஜிம் உறுப்பினர் படிவத்தில் டாட்டூ பற்றிய நிபந்தனை ஜப்பானிய மொழியில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். ஆண்டுச் சந்தா கட்டியபின் வெளியே அனுப்பினால் பணம் திரும்ப வராமல் போகலாம்.

அங்கேயே குத்திக்கொள்ள நினைத்தால்

சில ஆண்டுகளுக்கு முன்வரை இது சட்டச் சிக்கலாகவே இருந்தது. ஊசியால் தோலுக்குள் மை செலுத்துவது மருத்துவம் என்று 2001இல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி டாட்டூ கலைஞருக்கு மருத்துவர் உரிமம் வேண்டும்! ஒசாகாவில் ஒரு கலைஞர்மேல் வழக்குத் தொடுத்து 2017இல் 1,50,000 யென் அபராதம் விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்து 2018இல் விடுதலையானார். டாட்டூ மருத்துவம் ஆகாது என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. இன்று கலைஞர்கள் வெளிப்படையாகவே தொழில் செய்கிறார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் குத்துவதைப் பல மாகாணங்களின் விதிகள் தடுக்கின்றன.

கையாலேயே ஊசிக்கட்டைப் பிடித்துக் குத்தும் தெபோரி முறையைத் தேடிப் போகிறவர்கள், சுற்றுலா போன இடத்தில் ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பெயர்பெற்ற கலைஞர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, சித்திரத்தைப் பேசி, நாள் குறிக்க வேண்டும். பெரிய சித்திரத்துக்குப் பல முறை வந்து போக வேண்டியிருக்கும். சின்னதாக ஒன்று போதும் என்றால் பரவாயில்லை. ஆனால் அதைப் பயணத்தின் கடைசி இரண்டு நாட்களுக்கு வையுங்கள். புதிதாகக் குத்திய தோல் ஆறும்வரை, குறைந்தது இரண்டு முதல் நான்கு வாரம், தொட்டியில் மூழ்கக்கூடாது. கினோசாகியில் எல்லாக் கதவும் திறந்திருந்தாலும் நீங்கள் கரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.